வெள்ளிக்கிழமைத் தலை

செட்டிநாட்டு வீடுகளின் முகப்பையும் பர்மாத் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடிக் கல்லையும் பார்க்க வருகிறவர்கள் இரண்டாம் கட்டைத் தாண்டிப் போவது அரிது. அதற்கும் பின்னால் கிணற்றடி இருக்கிறது. ஓரத்தில் விறகடுப்பு, அதன்மேல் கழுத்துவரை கரியேறிய வெந்நீர் அண்டா, எண்ணெய்க் கிண்ணமும் சீயக்காய்ச் சட்டியும் வைக்கச் சுவரில் ஒரு மாடம். காரைக்குடியிலும் கோட்டையூரிலும் கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் பெண்களின் கூந்தல் வளர்ந்தது இந்தக் கிணற்றடியில்தான். செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு, புதனும் சனியும் ஆண்களுக்கு. ஆண்களில் பலர் அப்போது கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்ய, போன இடத்தில் இருப்பார்கள். ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சைகோன் என்று மூன்றாண்டுத் தவணையில் ஏஜென்டாகப் போனவர்கள் வேறு. அதனால் வெள்ளிக்கிழமை காலை என்பது முழுக்கவும் பெண்களின் காலை.

ஒரே வீட்டில் நாலைந்து புள்ளிகள் இருந்த காலம் அது. மணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. அவரவர்க்குத் தனி அறை, தனி அடுப்படி, தனிக் கணக்கு. ஆனால் கிணற்றடி பொது. ஒரு ஆச்சி பலகையில் உட்கார்ந்தால் பின்னால் நின்று எண்ணெய் வைக்க இன்னொரு ஆச்சிக்குப் பஞ்சமில்லை. அப்பத்தா பேத்திக்கு வைப்பார். பேத்தி வளர்ந்ததும் அப்பத்தாவுக்கு வைப்பாள். தனக்குத் தானே எண்ணெய் வைத்துக்கொள்வதை அந்த வீடுகளில் ஒரு குறையாகவே நினைத்தார்கள்.

முறை மிகத் தெளிவானது. செக்கு நல்லெண்ணெயில் நாலு மிளகு, கொஞ்சம் சீரகம் போட்டுச் சூடாக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுவார்கள். முதலில் உச்சியில் வைத்து உள்ளங்கையால் தட்டுவார்கள். பிறகு முடியை வகிடு வகிடாகப் பிரித்து, விரல் நுனியால் தோலில் தேய்ப்பார்கள். நகம் படக்கூடாது. முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஊறும். அதற்குள் உலையில் சோறு வெந்து கஞ்சி வடித்திருக்கும். அந்த இளஞ்சூட்டுக் கஞ்சியில் சீயக்காய்த் தூளைக் கரைத்துத் தேய்ப்பார்கள். "கண்ணை மூடிக்கடி, காந்தப் போவுது" என்ற குரல் கேட்காத வெள்ளிக்கிழமை கிடையாது. அலசிய பிறகு ஈரிழைத் துண்டால் ஒற்றி எடுத்து, சாம்பிராணிப் புகை காட்டி, நுனியில் மட்டும் ஒரு முடிச்சுப் போட்டுக் காயவிடுவார்கள். ஈரத்தோடு பின்னல் போட்டால் அடி விழும். மதியம் மிளகு ரசம். பகலில் தூங்கக்கூடாது.

சீயக்காய் மேற்குத் தொடர் மலைகளிலும் கொல்லிமலை போன்ற மலைகளிலும் வளரும் முட்கொடி. அங்கிருந்து சந்தைக்கு வந்தது. வாங்கி வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து, கூடவே வெந்தயம், பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, நிழலில் உலர்த்திய செம்பருத்தி இலை, ஆவாரம்பூ எல்லாம் சேர்த்து மில்லுக்கு அனுப்புவார்கள். ஒரு கிலோ சீயக்காய்க்குக் கால் கிலோ பச்சைப்பயறு, நூறு கிராம் வெந்தயம் என்பது பல வீடுகளில் கண் அளவு. பூந்திக்கொட்டை சேர்ப்பவர்கள் குறைவாகவே சேர்ப்பார்கள், அது கண்ணை இன்னும் காந்தும். சீயக்காய் அரைக்கும் மிஷினை மாவு மிஷினோடு கலக்காமல் தனியாக வைத்திருந்தார்கள். அந்தத் தும்மலை அனுபவித்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதில் எது வேலை செய்தது என்று இன்று நம்மால் சொல்ல முடியும். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் இருப்பது சப்போனின் என்ற நுரைக்கும் பொருள். சாதாரணக் குளியல் சோப்பு கடினநீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து திப்பியாகத் திரண்டு முடியில் ஒட்டிக்கொள்ளும். சப்போனின் அப்படித் திரளாது. சீயக்காய்க் கரைசல் லேசான புளிப்புத் தன்மை கொண்டது. நம் தலைத்தோலும் அப்படித்தான், அதன் pH சுமார் 5.5. காரத்தன்மை கூடினால் முடியின் மேல்தகடுகள் விரிந்து, இழையோடு இழை உரசிச் சிக்காகும். சீயக்காயில் அது நேராது. கஞ்சியின் மாவுச்சத்து தூளைப் பிடித்து வைத்தது, முடி வறளாமலும் பார்த்துக்கொண்டது. குளிக்கும் முன்பே எண்ணெய் வைத்ததற்கும் காரணம் உண்டு. முடி தண்ணீரில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். இப்படி உப்பிச் சுருங்கியே அது நைந்து போகிறது. முன்கூட்டி ஏறிய எண்ணெய் அந்த உப்பலைக் குறைக்கிறது. 2003-இல் மும்பை ஆய்வாளர்கள் ரேலேயும் மொஹிலேயும் வெளியிட்ட ஆய்வில், தேங்காய் எண்ணெய் முடியின் புரத இழப்பைக் குறைத்தது. சூரியகாந்தி எண்ணெயாலும் கனிம எண்ணெயாலும் அது முடியவில்லை. அந்த ஆய்வு தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் கூடத்தில் நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எண்ணெய் புதிய முடியை முளைக்க வைக்காது. இருக்கிற முடியைக் காக்கும், அவ்வளவுதான்.

ஆனால் என் மனத்தில் பெரிதாக நிற்பது எண்ணெயும் அல்ல, சீயக்காயும் அல்ல. வாரம் தவறாமல் இன்னொருவர் கண்ணும் விரலும் அந்தத் தலையைப் பார்த்தன. உச்சியும் பிடரியும் நம் கண்ணுக்குத் தெரியாத இடங்கள். அங்கே செதில் விட்டிருக்கிறதா, ஈர் ஒட்டியிருக்கிறதா, காசளவு வழுக்கை விழுந்திருக்கிறதா, வகிடு அகலமாகிறதா என்று சொல்லப் பின்னால் ஒருவர் வேண்டும். "என்னடி, போன வாரத்தைவிட இங்க முடி கம்மியா இருக்கு?" என்று அப்பத்தா கேட்டாரே, அந்தக் கேள்விதான் பழைய முறையின் உயிர். மருந்தெல்லாம் அதற்குப் பிறகு.

அந்தக் காலத்தைப் பொன்னாக எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. அண்டாவுக்கு அடியில் விறகு தள்ளியவரும் கிணற்றில் நீர் இறைத்தவரும் பெரும்பாலும் வேலைக்கு வந்த பெண்கள். அவர்கள் தலைக்கு நல்லெண்ணெய் எப்போதாவதுதான் கிடைத்தது. சுற்றிலுமிருந்த வானம்பார்த்த பூமியில் வேலை செய்தவர்களுக்குச் சீயக்காய்கூடக் காசு கொடுத்து வாங்கும் பொருள். அவர்கள் கையில் இருந்தது அரப்பு. உசிலை மரத்து இலையை உலர்த்திப் பொடித்தால் அரப்பு. மரம் வறண்ட காட்டில் தானாக நிற்கிறது, இலைக்கு விலையில்லை. அதிலும் சப்போனின்தான் நுரைக்கிறது. வழவழப்பாகக் குழைந்து, எண்ணெயை எடுத்து, முடியைக் குளிர்ச்சியாக விடும். ஊருணிக்கரையில் அரப்புத் தேய்த்துக் குளித்தவர்களின் அறிவு எந்தப் பெரிய வீட்டுக் கிணற்றடிக்கும் குறைந்ததல்ல. செட்டிநாட்டுக் கூந்தல் என்று பேசும்போது அவர்களை விட்டுவிட்டால் பாதிக் கதையை விட்டதாகும்.

பழைய புகைப்படங்களில் தெரியும் பெரிய கொண்டைகளைப் பார்த்து ஏங்குகிறவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். அவற்றில் பல சவுரி வைத்த கொண்டைகள். சீப்பில் வந்த முடியைச் சுருட்டிச் சுவரிடுக்கில் சேர்த்து வைத்து, அதைக்கொண்டே சவுரி கட்டிக்கொண்டார்கள். அன்றும் முடி கொட்டியது. அடுத்தடுத்த பிரசவம், பிள்ளைக்கும் புருஷனுக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சியதைச் சாப்பிடும் வழக்கம், இரத்தசோகை எல்லாம் அந்தத் தலைகளிலும் எழுதியிருந்தன.

பிறகு வீடுகள் காலியாயின. 1930-களின் பொருளாதார வீழ்ச்சி, 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்தது, 1960-களில் அங்கே நடந்த நாட்டுடைமை எல்லாம் சேர்ந்து செட்டிநாட்டின் வரவை அறுத்தன. புள்ளிகள் சென்னைக்கும் கோவைக்கும் வெளிநாட்டுக்கும் பிரிந்தன. முப்பது அறை வீட்டில் ஒரு ஆச்சியும் ஒரு காவலாளும் என்றானபோது கிணற்றடியில் யார் யாருக்கு எண்ணெய் வைப்பது? வெந்நீர் அண்டாக்கள் இன்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் வரிசையாக நிற்கின்றன. வாங்கிப் போகிறவர்கள் அதில் தாமரை வளர்க்கிறார்கள்.

அந்த இடைவெளியில் பாக்கெட் ஷாம்பு வந்து உட்கார்ந்தது. அதுவும் தமிழ்நாட்டுக் கதைதான். எல்லாப் பொருளையும் ஏழை வாங்கும் அளவில் சிறு உறையில் அடைத்து விற்க வேண்டும் என்று கனவு கண்டவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் குடும்பத்திலிருந்து வெல்வெட் ஷாம்பு வந்தது. 1983-இல் மகன் சி. கே. ரங்கநாதன் 15,000 ரூபாய் முதலோடு தனியே பிரிந்து தொடங்கியது சிக் ஷாம்பு. காலி உறை ஐந்து கொண்டுவந்தால் ஒரு உறை இலவசம் என்றார்கள். 50 காசு உறை தமிழ்நாட்டுப் பெட்டிக்கடையெல்லாம் தோரணமாகத் தொங்கியது. ஊருணிக்கரைக்கும் பெரிய வீட்டுக்கும் முதன்முறையாக ஒரே பொருள். வேலைக்குப் போகும் பெண் காலை ஆறு மணிக்குப் பத்து நிமிடத்தில் தலைகுளித்துப் பஸ் பிடிக்க முடிந்தது. இதை நான் இழப்பாக எண்ணவில்லை. ஷாம்பு போட்டதால்தான் முடி கொட்டுகிறது என்ற பேச்சு இன்றும் எல்லா வீட்டிலும் கேட்கிறது. அது சரியல்ல. தலைகுளிக்கும்போது கையோடு வருவது எப்படியும் விழவேண்டிய முடி. தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கும். நாளுக்கு ஐம்பது முதல் நூறு வரை விழுவது இயல்பு. மூன்று நாள் குளிக்காதவருக்கு மூன்று நாள் முடி ஒன்றாக வருகிறது.

ஷாம்புவைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். 2014-இல் பிரேசிலின் தோல் மருத்துவர் மரியா கவாஸோனி டயஸ் குழுவினர் 123 ஷாம்புகளைச் சோதித்தார்கள். pH 3.5 முதல் 9 வரை பரந்து கிடந்தது. 5.5 அல்லது அதற்குக் குறைவாக இருந்தவை சுமார் 38 சதவீதம் மட்டுமே. போட்டபின் முடி கிறீச்சென்று உரசினால் அதைச் சுத்தத்தின் அடையாளமாகக் கொள்ள வேண்டாம். மேல்தகடு விரிந்திருக்கிறது என்று பொருள், வேறு ஷாம்புவுக்கு மாற வேண்டும்.

தண்ணீரும் மாறியது. செட்டிநாட்டு வீட்டின் ஓட்டுக் கூரை வளவை, அதாவது உள்முற்றத்தை, நோக்கிச் சரிந்திருப்பது மழைநீருக்காக. முற்றத்தில் அண்டாவும் கொப்பரையும் வைத்து அந்த நீரைப் பிடித்தார்கள். மிஞ்சியது கிணற்றுக்கும் ஊருணிக்கும் போனது. 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இந்த ஊர்கள் சேர்ந்ததற்கு இந்த நீர் மேலாண்மையும் ஒரு காரணம். இன்று பல வீடுகளில் தலையில் விழுவது ஆழ்துளைக் கிணற்று நீர். அது மென்மையானதா என்று பார்க்க ஆய்வகம் வேண்டாம். மூடியுள்ள ஒரு பாட்டிலில் பாதி நீர் எடுத்து, சோப்புச் சீவல் போட்டு மூடிக் குலுக்கினால் போதும். நுரை வராமல் வெள்ளையாகத் திரிந்தால் கடினநீர். அப்படியானால் தலைக்குக் குளியல் சோப்பு ஒருநாளும் கூடாது. ஷாம்புவோ சீயக்காயோ எதுவானாலும் கடைசி இரண்டு குவளையை மட்டும் பிடித்துவைத்த மழைநீராலோ குடிநீராலோ அலசுங்கள். குவளை இரண்டுதான், பெரிய செலவில்லை.

இப்போது கிணற்றடியின் இடத்தில் செல்போன் இருக்கிறது. அதில் வெங்காயச் சாறு, எலுமிச்சை, சமையல் சோடா, முட்டை, புளித்த அரிசிக்கழுநீர் எல்லாம் ஒரே நாளில் சொல்லப்படுகின்றன. புழுவெட்டு விழுந்த இடத்தில் சின்ன வெங்காயம் தேய்ப்பது நம் ஊர் வழக்கம். 2002-இல் பாக்தாத் மருத்துவர்கள் வெங்காயச் சாற்றைப் புழுவெட்டுக்குப் பயன்படுத்திச் சிறிய ஆய்வொன்றில் நல்ல பலனும் கண்டார்கள். ஆனால் அது புழுவெட்டுக்கு மட்டும். தலை முழுவதும் உதிர்கிறவருக்கு அது எரிச்சலைத்தான் தரும். சமையல் சோடா காரம், தலையில் அதற்கு வேலையே இல்லை. நேராக்கும் சிகிச்சை என்று பார்லர்களில் பூசும் கலவைகள் சிலவற்றில் சூடு பட்டதும் பார்மால்டிஹைட் வாயு வருகிறது. அது மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. கல்யாணத்துக்கு ஒரு நாள் நேராகத் தெரிய, கண் எரிய உட்கார்ந்திருக்கும் நம் பெண்களைப் பார்க்கும்போது எனக்குப் பதைக்கிறது. சுவாசிக்கிறவள் அந்தப் பெண் மட்டுமல்ல, நாள் முழுதும் அங்கே நிற்கும் பார்லர் பெண்ணும்தான்.

வீட்டில் என்னதான் செய்யலாம்? வெள்ளிக்கிழமை இன்று வேலைநாள், ஞாயிறுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சாமி கோபிக்காது. வாரம் ஒருமுறை எண்ணெய், அரை மணியிலிருந்து ஒரு மணி வரை போதும். இரவு முழுதும் ஊறவைப்பதால் கூடுதல் பலன் இல்லை. பொடுகு உள்ளவர்கள் எண்ணெயை நிறுத்த வேண்டும். இதைச் சொன்னால் பெரியவர்கள் ஏற்க மாட்டார்கள், பொடுகை வறட்சி என்று நினைத்து மேலும் மேலும் வைப்பார்கள். பொடுகுக்குக் காரணமான மலசீசியா என்ற பூஞ்சை, தோலிலுள்ள கொழுப்பைத் தின்றே பெருகுகிறது. அவர்களுக்குக் கீட்டோகொனசோல் ஷாம்பு வாரம் இருமுறை, நுரையை ஐந்து நிமிடம் விட்டு அலச வேண்டும். ஊருணிக்கரை ஈரத்தில் படரும் பொடுதலையைச் சித்த மருத்துவம் பொடுகுக்குச் சொல்கிறது. அதைச் சித்த மருத்துவரிடம் கேட்டே பயன்படுத்தலாம்.

சீயக்காயே பிடிக்கும் என்றால் தாராளமாகப் போடுங்கள், ஆனால் மெல்லிய துணியில் சலித்த தூளாக இருக்கட்டும். பரும்தூள் முடியில் சிக்கிக்கொள்ளும், சீப்பில் இழுத்து அறுக்க வேண்டிவரும். ஷாம்பு என்றால் தோலில் மட்டும் போடுங்கள், வழியும் நுரை நீளத்துக்குப் போதும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. இடுப்பைத் தொடும் கூந்தலின் நுனிக்கு ஐந்தாறு வயது ஆகியிருக்கும். அத்தனை வெயிலும் உரசலும் பட்ட நுனியை உச்சியைத் தேய்ப்பதுபோலத் தேய்க்கலாமா? கண்டிஷனர் வேண்டியது அந்த நுனிக்குத்தான். அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே வாருங்கள்.

பள்ளிக்கூடப் பெண்களின் இரட்டைப் பின்னலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காலையில் நெற்றித்தோல் இழுபடும் அளவுக்கு இறுக்கிப் பின்னி, மடித்து, ரிப்பன் கட்டி அனுப்புகிறோம். ஆண்டுக்கணக்கில் இப்படி இழுத்தால் நெற்றியோரமும் காதோரமும் முடி பின்வாங்கும். வேர் தழும்பாகிவிட்டால் திரும்ப முளைக்காது. விரல் நுழையும் தளர்வு இருக்கட்டும். மாலை வந்ததும் அவிழ்த்து விடுங்கள். பேன் இருந்தால் ஈரமுடியில் பேன்சீப்பு போட்டு வாரி, பெர்மெத்ரின் லோஷன் வைத்து, ஒரு வாரம் கழித்து மீண்டும் செய்தால் தீரும். அதற்காகப் பிள்ளையை வகுப்பில் தனியாக உட்கார வைப்பது கொடுமை.

இத்தனையும் செய்தும் முடி உதிர்ந்தால், காரணம் தலையில் இல்லாமல் போகலாம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. இரண்டு பெண்களில் ஒருவர். இரும்புச்சத்துக் குறைந்த உடம்பு முடியைக் கடைசியாகத்தான் கவனிக்கும். கறிவேப்பிலை எண்ணெய்க்கு மாதம் ஐந்நூறு ரூபாய் செலவழிப்பதற்கு முன்னால் ஹீமோகுளோபினும் பெரிட்டினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். டெங்கு, டைபாய்டு, கொரோனா போன்ற காய்ச்சலுக்குப் பிறகும் பிரசவத்துக்குப் பிறகும் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக்கொத்தாக உதிரும். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அது ஆறு மாதத்தில் தானாக நிற்கும், முடியும் திரும்ப முளைக்கும். அந்த நேரத்தில் பயமுறுத்தி விற்கப்படும் எந்த எண்ணெயும் தேவையில்லை.

வீட்டில் இரண்டு பேர் இருந்தால் போதும், ஞாயிறு காலை ஒருவர் தலையை ஒருவர் பாருங்கள். கணவன் மனைவிக்குப் பார்க்கலாம், மகன் அம்மாவுக்குப் பார்க்கலாம், விடுதிப் பெண்கள் தோழிக்குப் பார்க்கலாம். வெளிச்சத்தில் உட்கார வைத்து, சீப்பின் வாலால் உச்சியிலிருந்து பிடரிவரை விரலகல இடைவெளியில் வகிடு எடுத்துக்கொண்டே போக ஐந்து நிமிடம் ஆகும். மாதம் ஒருமுறை நடுவகிட்டைப் போட்டோ எடுத்து வைத்தால், அகலமாவது கண்ணுக்குத் தெரியும். காசளவு வழுக்கை, சீழ் வைத்த கட்டி, உடைந்த முடியோடு செதில் படர்ந்த வட்டம், பளபளவென்று தழும்பேறிய இடம், இவற்றில் எதைக் கண்டாலும் எண்ணெய்க் கடைக்குப் போகாதீர்கள். பிள்ளைகளுக்கு வரும் செதில் வட்டம் படர்தாமரையாக இருக்கலாம், அதற்கு வாய்வழி மருந்தே வேண்டும், மேலே பூசித் தீராது. பக்கத்தில் தோல் மருத்துவர் இல்லாதவர்களுக்குச் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள், முந்தின நாள் தலைக்கு எண்ணெய் வைக்காமல் போங்கள், தோல் தெளிவாகத் தெரியும்.